படைவீரர்களுக்குக் காவல் அதிகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றங்களை ஒடுக்க ராணுவம் தெருவில் இறங்கியது என்ற செய்தி ஏதேனும் ஒரு நாட்டிலிருந்து வரும்போதெல்லாம், சிங்கப்பூரில் தேக்காவின் காப்பிக்கடைகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கேள்விதான் எழுகிறது: தேவைப்பட்டால் இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன? கேட்பவர்கள் பாதுகாப்பை விரும்பும் நல்ல மனிதர்கள். ஆனால், வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளையைத் தேசிய சேவைக்கு அனுப்பும் நாட்டில், அந்தக் கேள்விக்கு உரிய பதில் என்ன என்பதை நாம் விவரமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கேள்வி பதில்கள்.

காவல் அதிகாரம் என்பதில் என்னென்ன அடங்கும்?

ஒருவரைத் தடுத்து நிறுத்திப் பெயர், முகவரி கேட்பது, அவருடைய உடலையும் பையையும் வாகனத்தையும் சோதிப்பது, ஒரு பொருளைக் கைப்பற்றுவது, கைது செய்வது, இவற்றை நிறைவேற்றத் தேவைப்படும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்துவது ஆகியவை முதலில் நினைவுக்கு வருபவை. இவை அனைத்தும் சில நிமிடங்களில் நடந்து முடிந்துவிடும். இவற்றுக்குப் பின்னால்தான் புலனாய்வு என்ற பெரிய வேலை தொடங்குகிறது. சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்குவது, தடயங்களைப் பாதுகாப்பது, ஆவணங்களைத் திரட்டுவது, வழக்கை அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் ஒப்படைத்து நீதிமன்றத்தில் நிலைநிறுத்துவது எல்லாம் அதில் அடங்கும்.

தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டுத் தற்காப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. காவல்துறையுடன் இணைந்து பணியாற்றும் படைவீரருக்குக் காவலருக்குரிய அதிகாரங்களையும் கடமைகளையும் அது தருகிறது. குற்றப் புலனாய்வை மட்டும் விலக்கிவிடுகிறது. அந்த விலக்கு சரியானது என்பது என் உறுதியான கருத்து. கையில் துப்பாக்கியும் கைது செய்யும் உரிமையும் இருந்துவிட்டால் குற்றத்தை ஒழித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், வேலையின் சிறிய பாதியை மட்டுமே பார்க்கிறார்கள்.

சிங்கப்பூரில் படைவீரர்களுக்கு இப்போது அத்தகைய அதிகாரம் உண்டா?

எல்லா நேரத்திலும் இல்லை. சில சூழ்நிலைகளில் உண்டு. 2007ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆயுதப் படைச் சட்டத்தில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. அப்போது தற்காப்பு அமைச்சராக இருந்தவர் டியோ சீ ஹியன். 2001ஆம் ஆண்டு டிசம்பரில் ஜமா இஸ்லாமியா பயங்கரவாதக் குழுவினர் இங்கே கைது செய்யப்பட்டு, அவர்களுடைய தாக்குதல் திட்டங்கள் வெளியான பிறகு, முக்கிய இடங்களைக் காக்கும் பணியில் ஆயுதப் படையும் பெருமளவு ஈடுபடுத்தப்பட்டிருந்தது. துப்பாக்கியுடன் காவல் நிற்கும் ஒரு வீரர், சந்தேகத்துக்குரிய ஒருவரை எதிர்கொண்டால் சட்டப்படி என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதற்குத் தெளிவான விடை வேண்டியிருந்தது. பாதுகாப்பு அச்சுறுத்தலை முன்னிட்டுச் சிவில் அதிகாரிகளுக்கு உதவ அமைச்சரின் ஆணைப்படி அனுப்பப்படும் வீரர்கள் சோதிக்கவும், தடுத்து வைக்கவும், கைது செய்யவும் அந்தத் திருத்தம் வழி செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது அதன் வரம்பு. திருட்டு, அடிதடி, போதைப்பொருள், மோசடி போன்ற அன்றாடக் குற்றங்களைப் பிடிக்கும் வேலையை அந்தச் சட்டம் ஆயுதப் படையிடம் கொடுக்கவில்லை. குறிப்பிட்ட அச்சுறுத்தல், குறிப்பிட்ட பணி, அதற்கான ஆணை என்ற வட்டத்துக்குள்தான் அந்த அதிகாரம் உயிர் பெறுகிறது.

சாங்கி விமான நிலையத்தில் துப்பாக்கியுடன் நடந்து செல்லும் வீரர்கள் யாரையும் கைது செய்யலாமா?

அன்றாடக் குற்றங்களுக்காக அல்ல. அவர்கள் அங்கே இருப்பது தாக்குதலைத் தடுப்பதற்காக. காவல்துறையினரும் துணைப் போலிஸ் படையினரும் அதே இடத்தில் பணியில் இருக்கிறார்கள். பயணப்பெட்டி திருடுபோனால் நீங்கள் போய் நிற்க வேண்டியது விமான நிலையக் காவல் அதிகாரியிடம்தான்.

நம் தெருக்களில் ராணுவம் இறங்கியதே இல்லையா?

இறங்கியிருக்கிறது. 1950ஆம் ஆண்டு டிசம்பரில் மரியா ஹெர்தோ என்ற சிறுமியை யார் வளர்ப்பது என்ற வழக்கின் தீர்ப்பையொட்டி வெடித்த கலவரத்தில் 18 பேர் மாண்டனர். அப்போது பிரிட்டிஷ் படையினர் வரவழைக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த இனக்கலவரங்களின்போது ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு, காவல்துறைக்குத் துணையாகப் படையினரும் நின்றனர். 1969ஆம் ஆண்டில், கோலாலம்பூரின் மே 13 கலவரம் இங்கேயும் பரவியபோது, அப்போதுதான் உருவாகி வந்த நம் சொந்த ஆயுதப் படை காவல்துறைக்கு உதவியது. அந்த நாள்களை வாழ்ந்து கடந்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். படை வந்ததால் அடைந்த நிம்மதியை அவர்கள் சொல்லும்போது அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

பிற்காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் பணிப் பங்கீட்டை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. 1974ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, நான்கு ஆயுதபாணிகள் புக்கோம் தீவின் எண்ணெய் ஆலையைத் தாக்கிவிட்டு 'லாஜு' என்ற படகைக் கடத்தினார்கள். கடற்படைக் கலங்களும் கடலோரக் காவல் படகுகளும் அதைச் சூழ்ந்து நின்றன. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த பேச்சுவார்த்தையால்தான் அது முடிந்தது. பிணையாளிகளுக்கு ஈடாக, அப்போது தற்காப்பு அமைச்சில் பணியாற்றிய எஸ். ஆர். நாதன் தலைமையில் 13 பேர் குவைத் வரை அந்த ஆயுதபாணிகளுடன் விமானத்தில் சென்று திரும்பினார்கள். 1991ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 117 விமானம் கடத்தப்பட்டபோது, பல மணி நேரம் பேச்சு நடந்தது. பேச்சு பயனளிக்காமல் உயிராபத்து நெருங்கிய பிறகே ஆயுதப் படையின் அதிரடிப் பிரிவு மறுநாள் விடியற்காலையில் விமானத்துக்குள் புகுந்தது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் கடத்தல்காரர் நால்வரும் கொல்லப்பட்டனர். பிணையாளிகள் அனைவரும் உயிர் தப்பினர். படைவீரரின் பயிற்சி எதற்காகவோ அந்த வேலைக்கு அவரை அழைத்தார்கள், அது முடிந்ததும் அவர் பாசறைக்குத் திரும்பினார்.

2013ஆம் ஆண்டு லிட்டில் இந்தியா கலவரத்தின்போது ராணுவத்தை அழைத்திருக்கலாமே?

நம் சமூகத்தில் இந்தக் கேள்வி இன்னும் வலியோடுதான் கேட்கப்படுகிறது. அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் இந்தியாவைச் சேர்ந்த ஓர் ஊழியர் பேருந்தின் அடியில் சிக்கி உயிரிழந்தார். திரண்ட கூட்டத்தில் சுமார் 300 பேர் வன்முறையில் இறங்கினர். காவல் வாகனங்களும் ஆம்புலன்ஸ்களும் கவிழ்க்கப்பட்டன, எரிக்கப்பட்டன. முதலில் வந்து சேர்ந்த காவலர்கள் மிகச் சிலர். காவல்துறையின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவினர் வந்த பிறகு, நள்ளிரவுக்கு முன்பாகவே கலவரம் அடங்கியது. அதிகாரிகள் தரப்பிலிருந்து ஒரு தோட்டாகூடப் பாயவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். கற்களும் போத்தல்களும் பறந்து வந்த ஒரு குறுகிய தெருவில், எரியும் வாகனங்களின் வெளிச்சத்தில், இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்த காவலர்கள் அதை எடுத்துச் சுடாமல் இருந்தார்கள். அங்கே கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கல்லெறியாதவர்கள். வாரத்தில் ஒருநாள் கிடைக்கும் விடுமுறையில் காய்கறி வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பர்களைப் பார்க்கவும் வந்தவர்கள். தாக்குதல் துப்பாக்கி ஏந்திய ஒரு காலாட்படைப் பிரிவு அந்தத் தெருவில் அன்று நின்றிருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், உயிர்ச்சேதம் கூடியிருப்பதற்கான வாய்ப்பே அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. காவல்துறையின் தொடர்பாடல், ஆள்பலம், வந்து சேர்ந்த வேகம் ஆகியவற்றில் குறைகளை அது மறைக்காமல் எடுத்துச் சொன்னது. குறைகளுக்கு அது சொன்ன தீர்வு காவல்துறையையே வலுப்படுத்துவது, குறிப்பாகச் சிறப்பு நடவடிக்கைப் பிரிவின் ஆள்பலத்தைக் கூட்டுவது. காவலர் பற்றாக்குறைக்கு மருந்து கூடுதல் காவலர்கள் என்ற எளிய உண்மையை அந்தக் குழு பற்றிக்கொண்டது.

ஒருவரைப் படைவீரர் கைது செய்வதற்கும் காவலர் கைது செய்வதற்கும் என்ன பெரிய வேறுபாடு?

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் இரவு பத்து மணிக்குக் கைகலப்பு. தூண் ஓரமாக ஒரு கத்தி கிடக்கிறது. இளைஞர் ஒருவர் பிடிபடுகிறார். கத்தியைக் கையுறை இல்லாமல் எடுத்தால் கைரேகை கெடும். யார் எடுத்தார், எந்த நேரத்தில், எந்த உறையில் இட்டு முத்திரையிட்டார், அது யார் யார் கைமாறி ஆய்வகத்துக்குப் போனது என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பிடிபட்டவரிடம் அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது. எதிரே நின்ற பாட்டி தமிழில் சொன்னதை அவர் சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும். எட்டு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில், அந்தக் காவலர் தன் குறிப்பேட்டைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் குற்றவாளி தப்பிக்கலாம்; அதைவிட மோசமாக, குற்றமற்றவர் சிறைக்குப் போகலாம்.

படைவீரரின் பயிற்சி வேறு நோக்கத்துக்கானது. எதிரியை விரைவாக அடையாளம் காண வேண்டும், அவனுக்கு முன்பாகச் செயல்பட வேண்டும், தன் பிரிவோடு சேர்ந்து ஓர் இலக்கைக் கைப்பற்ற வேண்டும். எதிரியைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்துவது அதில் இல்லை. இந்த வேறுபாடு உயிரைப் பறித்த ஒரு சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. அங்கே 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ராணுவத்தைக் காவல் பணிக்குப் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடுக்கிறது. இருந்தும், போதைப்பொருள் கடத்தலைக் கண்காணிக்க மெக்சிகோ எல்லைக்கு மரீன் படையினர் அனுப்பப்பட்டனர். 1997ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி, டெக்சஸ் மாநிலத்தின் ரெட்ஃபர்ட் என்ற சிற்றூருக்கு அருகில், தன் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த 18 வயது மாணவர் ஒருவர், ஆடுகளைக் காக்க வைத்திருந்த பழைய சிறு துப்பாக்கியால் தங்களை நோக்கிச் சுட்டதாக மறைந்திருந்த வீரர்கள் கூறினர். காவலராக இருந்திருந்தால் தான் யார் என்று உரக்கச் சொல்லி, துப்பாக்கியைக் கீழே போடச் சொல்வதே முதல் வேலை. இலைதழை வேடமிட்ட நால்வர் அவரைச் சுமார் இருபது நிமிடம் பின்தொடர்ந்தனர். ஒருவர் சுட்டதில் அவர் இறந்தார். சுட்டவர்மீது வழக்குத் தொடர நடுவர் குழு மறுத்துவிட்டது. அந்த வீரர் தனக்குக் கற்றுக்கொடுத்தபடியே நடந்திருந்தார். என்னைப் பொறுத்தவரை அதுதான் அந்தச் சம்பவத்தில் மிகவும் கலக்கம் தருவது. அதன் பிறகு அமெரிக்கத் தற்காப்புத் துறை அத்தகைய ஆயுதமேந்திய எல்லைக் கண்காணிப்பை நிறுத்தி வைத்தது.

மற்ற நாடுகளில் ராணுவத்தால் குற்றம் குறைந்ததா?

மெக்சிகோவின் அனுபவம் நீண்டது, கசப்பானது. அதிபர் ஃபெலிப்பே கால்டெரோன் 2006ஆம் ஆண்டு டிசம்பரில் பதவியேற்ற சில நாள்களில், போதைப்பொருள் கும்பல்களை ஒடுக்க மிச்சோவாக்கான் மாநிலத்துக்கு ஆயிரக்கணக்கான வீரர்களை அனுப்பினார். உள்ளூர்க் காவலர்கள் பலர் கும்பல்களின் சம்பளப் பட்டியலில் இருந்ததால், மக்கள் அதை வரவேற்றார்கள். அந்நாட்டுப் புள்ளிவிவரக் கழகத்தின் கணக்குப்படி 2007ஆம் ஆண்டில் 8,867 ஆக இருந்த கொலைகளின் எண்ணிக்கை 2011ஆம் ஆண்டில் 27,213 ஆக உயர்ந்தது. கும்பல் தலைவர்களைப் பிடித்தபோது கும்பல்கள் சிறு சிறு துண்டுகளாக உடைந்து ஒன்றோடொன்று மோதின. மிகக் கொடூரமான கும்பல்களில் ஒன்றான செட்டாஸைத் தொடங்கியவர்களே ராணுவச் சிறப்புப் படையிலிருந்து ஓடிப்போனவர்கள். சில ஆண்டுகளுக்கு என்று சொல்லி இறக்கப்பட்ட படை இன்றுவரை திரும்பவில்லை. 2019ஆம் ஆண்டில் தேசியக் காவல் படை உருவாக்கப்பட்டபோது அது சிவில் நிர்வாகத்தின்கீழ் இருக்கும் என்று அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அதே அரசியலமைப்பைத் திருத்தி அதைத் தற்காப்பு அமைச்சிடம் ஒப்படைத்தார்கள். கொலை செய்தவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெறுவதில்லை என்ற அடிப்படைக் குறை, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தீரவில்லை. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் புலனாய்வாளர்களும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும். அவர்களுக்குப் போயிருக்க வேண்டிய பணமும் கவனமும் வேறு பக்கம் போய்விட்டன.

பிரேசிலில் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் பாதுகாப்பு முழுவதும் ஒரு ராணுவத் தளபதியின் பொறுப்பில் விடப்பட்டது. அந்த ஆண்டில் காவல்துறையினரால் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 1,500ஐத் தாண்டியது. தென்னாப்பிரிக்காவில் 2019ஆம் ஆண்டு ஜூலையில் கேப் டவுனின் புறநகர்க் கும்பல்களுக்கு எதிராகப் படை அனுப்பப்பட்டது. படை திரும்பிய பிறகும் அங்கே துப்பாக்கிச்சூடுகள் ஓயவில்லை.

எல் சால்வடோரில் வெற்றி கிடைத்திருக்கிறதே?

கிடைத்திருக்கிறது, அதை மறுப்பது நேர்மையாகாது. 2015ஆம் ஆண்டில் ஒரு லட்சம் பேருக்கு நூறு கொலைகளுக்கு மேல் நடந்த நாடு அது. 2022ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்டதும், அதிபர் நயிப் புக்கேலேயின் அரசாங்கம் அவசரநிலையைக் கொண்டுவந்தது. காவலர்களும் படைவீரர்களும் சேர்ந்து 80,000க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தனர். அரசாங்கக் கணக்குப்படி 2024ஆம் ஆண்டில் கொலை விகிதம் ஒரு லட்சத்துக்கு 1.9 ஆகக் குறைந்தது. கும்பலுக்கு மாமூல் கட்டாமல் கடை திறக்க முடியாதிருந்த ஒரு சிறு வணிகருக்கு அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை, இரவு இரண்டு மணிக்கு அச்சமின்றி வீடு திரும்பும் நாம் முழுமையாக உணர்வது கடினம்.

ஆயினும் அதன் விலையையும் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டாமல் காவலில் வைக்கக்கூடிய காலம் 72 மணி நேரத்திலிருந்து 15 நாளாக நீட்டிக்கப்பட்டது. வழக்கறிஞர் உதவி பெறும் உரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. 30 நாளுக்கு என்று அறிவிக்கப்பட்ட அவசரநிலை மாதந்தோறும் நீட்டிக்கப்பட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. பிடிபட்டவர்களில் சுமார் 8,000 பேர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டதாக அதிபரே கூறினார். சிறையில் நூற்றுக்கணக்கானோர் இறந்துள்ளதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. இதற்கு முன்பே, 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில், பாதுகாப்புக் கடனுக்கு ஒப்புதல் தரும்படி நெருக்க அதிபர் ஆயுதமேந்திய வீரர்களுடன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்தார். குற்றம் குறைந்ததற்கு அங்கே ராணுவத்தைவிட, விசாரணையின்றிப் பெருந்தொகையானோரை அடைத்து வைத்ததே காரணம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவிலும் இலங்கையிலும் நிலை என்ன?

இந்தியாவில் 1958ஆம் ஆண்டு ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் இருக்கிறது. அது சாதாரணக் குற்றங்களுக்கானதன்று. கிளர்ச்சி நடக்கும் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு உரியது. பிடியாணையின்றிக் கைது செய்யவும், வீடு புகுந்து சோதிக்கவும், சில சூழல்களில் உயிர் போகும் அளவுக்குச் சுடவும் அது இடமளிக்கிறது. கைதானவரைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான குழு 2005ஆம் ஆண்டில் அந்தச் சட்டத்தை நீக்கப் பரிந்துரைத்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி, நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில், சுரங்க வேலை முடிந்து சரக்கு வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களைக் கிளர்ச்சியாளர்கள் என்று எண்ணிச் சிறப்புப் படையினர் சுட்டதில் ஆறு பேர் இறந்தனர்.

இலங்கையில் 1947ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பொது ஒழுங்கைக் காக்கப் படைகளை அழைக்க அதிபருக்கு அதிகாரம் தருகிறது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி வெலிவேரியாவில் குடிநீர் மாசடைந்ததை எதிர்த்துத் திரண்ட ஊர்மக்கள்மீது ராணுவம் சுட்டது; மூவர் மாண்டனர். போர் நடந்த வடக்கிலன்று, கொழும்புக்கு அருகில் நடந்தது அது.

படைவீரர் தவறு செய்தால் யார் விசாரிப்பார்கள்?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் முன்கூட்டியே பதில் எழுதப்பட்டிராவிட்டால், அதிகாரத்தைக் கொடுக்கவே கூடாது. மேலே சொன்ன இந்தியச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, மத்திய அரசின் முன்அனுமதி இல்லாமல் வீரர்மீது வழக்குத் தொடர முடியாது. பிரேசில் 2017ஆம் ஆண்டில், இத்தகைய பணிகளின்போது படையினர் பொதுமக்களைக் கொன்றால் அதை ராணுவ நீதிமன்றமே விசாரிக்கும் என்று சட்டத்தை மாற்றியது. தன்னைத் தானே விசாரிக்கும் அமைப்பிடம் பாதிக்கப்பட்ட குடும்பம் எப்படி நம்பிக்கை வைக்கும்?

வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1972ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி நடந்தது இதற்கு நெடுங்காலச் சான்று. உரிமை ஊர்வலம் ஒன்றின்போது கைது நடவடிக்கைக்காக பிரிட்டிஷ் வான்குடைப் படையினர் இறக்கப்பட்டனர். அவர்கள் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். உடனடியாக நடந்த முதல் விசாரணை வீரர்களைப் பெரும்பாலும் காப்பாற்றியது. கொல்லப்பட்டவர்கள் யாருக்கும் அச்சுறுத்தலாக இருக்கவில்லை என்று சாவில் விசாரணை அறிக்கை சொன்னது 2010ஆம் ஆண்டில். அதன் பிறகே பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இடைப்பட்ட 38 ஆண்டுகளில் கசப்பு வளர்ந்தது, கிளர்ச்சிக் குழுக்களுக்கு ஆள் சேர்ந்தது. பிரிட்டனே 1970களின் நடுவில் கொள்கையை மாற்றி, அங்கே காவல்துறையை முன்னிறுத்தி, ராணுவத்தைத் துணை நிலைக்குக் கொண்டுவந்தது.

என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். அவனையும் இப்படி அனுப்புவார்களா?

நம் ஆயுதப் படையின் பெரும்பகுதி முழுநேரத் தேசிய சேவையாளர்களும் போர்க்காலப் படையினரும்தான். ஆகவே, நம் நாட்டில் இந்த விவாதம் மற்ற நாடுகளைவிட வீட்டுக்கு நெருக்கமானது. தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சி முடித்த பத்தொன்பது வயதுப் பையனை, அவன் வளர்ந்த பேட்டையிலேயே, அவனுடைய பள்ளித் தோழனைச் சுவரோரமாக நிறுத்திச் சோதிக்கச் சொல்வது அவனுக்கும் அநியாயம், அந்தத் தோழனுக்கும் அநியாயம்.

தேசிய சேவையைக் காவல்துறையில் ஆற்றும் இளைஞர்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம். அவர்கள் சுவா சூ காங்கில் உள்ள உள்துறைப் பயிற்சிக் கழகத்தில் சட்டமும், மக்களிடம் பேசும் முறையும், பலத்தை எந்த அளவில் பயன்படுத்துவது என்பதும் கற்றுக்கொண்டு, காவல் அதிகாரிகளின் மேற்பார்வையில் பணியாற்றுகிறார்கள். நாட்டுக்கு அதிகக் காவலர்கள் தேவைப்பட்டால், தேசிய சேவையாளர்களில் கூடுதலானோரை அந்தப் பக்கம் அனுப்பி முறையாகப் பயிற்றுவிக்கலாம். காலாட்படை வீரரின் தோளில் வேறொருவரின் வேலையைச் சுமத்த வேண்டியதில்லை.

நம் நாட்டின் குற்றங்களுக்கு ராணுவம் பயன்படுமா?

இன்று சிங்கப்பூர்க் குடும்பங்களை அதிகம் வதைப்பது மோசடி. 2024ஆம் ஆண்டில் மட்டும் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கும் அதிகம். தொலைபேசியில் வங்கி அதிகாரியாக நடிப்பவனைப் பிடிக்க வேண்டியவர்கள் கணினி வல்லுநர்கள், வங்கிகள், எல்லை கடந்து ஒத்துழைக்கும் காவல்துறைகள். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் நிறைவேறிய மோசடிப் பாதுகாப்புச் சட்டம், ஏமாற்றப்படுபவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதைத் தற்காலிகமாகத் தடுக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. இதுபோன்ற கருவிகள்தான் இக்காலக் குற்றத்துக்கு ஏற்றவை.

ரகசியச் சங்கங்கள் ஆட்டம் போட்ட காலத்திலும் படையைக் கொண்டு அவற்றை ஒடுக்கவில்லை. காவல்துறையின் உளவும், 1955ஆம் ஆண்டுக் குற்றவியல் தற்காலிக விதிகள் சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கும் கடுமையான அதிகாரமும் அப்போது பயன்பட்டன. 1983ஆம் ஆண்டு ஜூனில் தோ பாயோவில் முதல் அக்கம்பக்கப் போலிஸ் நிலையம் திறக்கப்பட்டது. பக்கத்து வீட்டில் நடப்பதை நம்பிச் சொல்ல ஒரு தெரிந்த முகம் கிடைத்ததால், தகவல் தானாக வந்தது. தெரிந்த முகத்திடம் சொல்வதை, கவச வாகனத்திலிருந்து இறங்கும் முகம் தெரியாத ஒருவரிடம் யாரும் சொல்வதில்லை.

இத்தாலியிலும் பிரான்ஸிலும் வீரர்கள் தெருவில் நிற்கிறார்களே?

நிற்கிறார்கள். இத்தாலியில் 2008ஆம் ஆண்டு முதலும், பிரான்ஸில் 2015ஆம் ஆண்டு ஜனவரித் தாக்குதல்களுக்குப் பிறகும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. இத்தாலிய வீரர்கள் அடையாளம் கேட்கலாம், அந்த இடத்திலேயே சோதிக்கலாம்; புலனாய்வு அவர்களுடையதன்று. பிரெஞ்சு வீரர்களுக்குச் சாதாரணக் குடிமகனைவிடக் கூடுதலான கைது அதிகாரம் இல்லை. தற்காலிகம் என்று தொடங்கிய இரண்டும் இன்னும் முடியவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெரிய பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால் யார் பொறுப்பேற்பார்கள்?

காவல்துறைதான் முதலில். 2016ஆம் ஆண்டு முதல், ஆயுதத் தாக்குதலை எதிர்கொள்ளப் பயிற்சி பெற்ற அவசரகால நடவடிக்கைக் குழுக்கள் நிலப்பிரிவுகளில் சுற்றுக்காவல் செல்கின்றன. 2018ஆம் ஆண்டு பொது ஒழுங்கு, பாதுகாப்புச் சிறப்பு அதிகாரச் சட்டம், கடுமையான சம்பவங்களின்போது காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரங்களைத் தருகிறது. அதற்கு உள்துறை அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். காவல்துறையின் சக்திக்கு மீறிய நிலையில் ஆயுதப் படை வரும், வரவும் வேண்டும். அப்படி வரும்போது நான் எதிர்பார்ப்பவை இவை: எழுத்து வடிவிலான, மக்களுக்கு அறிவிக்கப்பட்ட ஆணை, அதில் குறிக்கப்பட்ட இடமும் முடிவுத் தேதியும், சிவில் அதிகாரியின் தலைமை, பிடிபட்டவரை உடனே காவல்துறையிடம் ஒப்படைக்கும் கடமை, வீரரின் சீருடையில் படிக்கக்கூடிய அடையாளம், தவறு நேர்ந்தால் சாதாரண நீதிமன்றம். இவற்றில் முடிவுத் தேதியைத்தான் நான் முதலில் தேடுவேன். நீட்டிப்பு வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தில் காரணம் சொல்லிக் கேட்கட்டும்.

பணியில் உள்ள படைவீரர் ஒருவர் என்னைத் தடுத்துச் சோதிக்க முற்பட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

ஒத்துழையுங்கள். கைகளைத் தெரியும்படி வைத்துக்கொண்டு, திடீரென்று பையில் கைவிடாமல், சொல்வதைக் கேளுங்கள். ஆயுதத்துடன் நிற்பவர் பதற்றத்தில் இருக்கும் இளைஞராகவும் இருக்கலாம். எதற்காகச் சோதனை என்று பணிவாகக் கேட்கலாம். கைது செய்யப்பட்டால் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கிறது: கைதுக்கான காரணத்தைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும், விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க இடமளிக்க வேண்டும், சட்டம் விதிவிலக்களிக்கும் சில வகைகளைத் தவிர மற்றவற்றில், பயண நேரம் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். நேரம், இடம், பெயர்ப்பட்டையில் இருந்த பெயர், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். முறைகேடு நடந்ததாகக் கருதினால், அந்தக் குறிப்புகளுடன் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம், அல்லது உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் சென்று எழுத்தில் பதில் பெற்றுத் தரும்படி கேட்கலாம்.